குடி நோய்க்கு மருந்து உண்டு!

கொல்லிப்பாவையின் கதையைக் கேட்டிருப்பீர்கள்.

கொல்லிமலையில் ஒரு பாவை இருந்ததாம். அழகான பாவை. அது சிரிக்குமாம். அந்தச் சிரிப்பில் மயங்கிப் பக்கத்தில் போனவர்கள் உயிரோடு திரும்புவது இல்லையாம். முனிவர்களுக்குத் தொல்லை கொடுத்த அரக்கர்களைக் கொல்லவே அந்தப் பாவையை வைத்தார்கள் என்பார்கள்.

அது பழைய கதை. இன்று அந்தப் பாவையின் வேலையைக் குடி செய்கிறது. முதலில் சிரிக்க வைக்கிறது. பிறகு கூலிப் பணத்தைப் பறிக்கிறது. பிறகு மனைவியின் நகை போகிறது. கடைசியில் ஆளே போய்விடுகிறார்.

இது மலைக்கு மட்டும் வந்த கேடு அல்ல. நாடு முழுவதும் எடுத்த கணக்கு ஒன்று 2019-ம் ஆண்டு வெளியானது. டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரி டாக்டர்கள் எடுத்த கணக்கு. குடியால் கெட்டு, உதவி தேவைப்படுகிறவர்கள் இந்தியாவில் சுமார் 5 கோடியே 70 லட்சம் பேர் என்று அதில் கண்டார்கள். குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது உதவி பெற்று இருக்கிறார்!

மற்ற 37 பேர்? அவர்களுக்கும் வழி உண்டு. அந்த வழி என்ன என்று பார்ப்போம்.

முதலில் கடையை மூடிய ஜில்லா

இந்த மலைக்கு ஒரு சரித்திரம் உண்டு. இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் கொல்லிமலை, அந்தக் காலத்தில் சேலம் ஜில்லாவில் இருந்தது. சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது சேலம் ஜில்லாவில்தான். நாள்: 1937 அக்டோபர் 1. கொண்டு வந்தவர் ராஜாஜி. அதற்கு முன்பே, 1925-ல், திருச்செங்கோடு அருகே ஆசிரமம் அமைத்து, குடிக்கு எதிராகப் பாடுபட்டவர் அவர்.

1971-ல் மதுவிலக்கு எடுக்கப்பட்டது. மறுபடி வந்தது. மறுபடி போனது.

கடையை மூடலாம். திறக்கலாம். ஆனால் குடிக்குப் பழகிவிட்ட உடம்பை என்ன செய்வது? அதற்குச் சட்டம் மட்டும் போதாது. வைத்தியமும் வேண்டும்.

ஏன் விட முடியவில்லை?

"மனசு வைத்தால் விடலாமே!" என்று பலரும் சொல்கிறோம். கோவிலில் சத்தியம் வாங்குகிறோம். கயிறு கட்டுகிறோம். மூன்றாம் நாள் அவர் மறுபடி குடிக்கிறார். "சத்தியத்தை மீறிய பாவி" என்று திட்டுகிறோம்.

அந்த மூன்று நாளில் நடந்தது என்ன? ஆண்டுக்கணக்கில் குடித்தவரின் மூளை மதுவுக்குப் பழகி இருக்கிறது. திடீரென்று நிறுத்தினால் உடம்பு போர் தொடுக்கிறது. சில மணி நேரத்தில் கை நடுங்கும். வியர்க்கும். தூக்கம் வராது. சிலருக்கு இரண்டு நாளுக்குள் வலிப்பு வரும். இரண்டு, மூன்று நாள் கழித்துச் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத பூச்சி ஊர்வதாகச் சொல்வார். பேய் பிடித்துவிட்டது என்று வீட்டார் நினைப்பார்கள். பேய் அல்ல. நோய்! கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே, தினமும் அதிகமாகக் குடிப்பவரை அறையில் பூட்டி வைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

நாலு படிகள்

முதல் படி, உடம்பைத் தேற்றுவது. இதற்குச் சில நாட்கள் போதும். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரைகளைக் கொடுத்து, அளவைச் சிறிது சிறிதாகக் குறைப்பார்கள். குடியால் உடம்பில் பி1 வைட்டமின் குறைந்து போயிருக்கும். அதையும் கொடுப்பார்கள்.

இரண்டாவது படி, ஆசையை அடக்கும் மருந்து. நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்ற மாத்திரைகள் உண்டு. குடிக்க வேண்டும் என்ற தவிப்பை இவை குறைக்கும். டைசல்பிரம் என்று இன்னொரு மருந்து. 1940-களில் டென்மார்க் நாட்டு விஞ்ஞானிகள் இதன் குணத்தைக் கண்டார்கள். இதைச் சாப்பிட்டவர் மது குடித்தால் முகம் சிவக்கும். வாந்தி வரும். நெஞ்சு படபடக்கும். அந்தப் பயத்தால் குடிக்க மாட்டார்.

தாய்மார்களே, இங்கே ஓர் எச்சரிக்கை! "அவருக்குத் தெரியாமல் காபியில் கலந்து கொடுங்கள்" என்று யாராவது மருந்து விற்றால் வாங்காதீர்கள். தெரியாமல் கொடுத்து, அவர் அதன் மேல் குடித்தால், உயிரே போகலாம். அவர் அறிந்து, சம்மதித்து, டாக்டர் சொன்னபடி சாப்பிட வேண்டிய மருந்து இது.

மூன்றாவது படி, பேச்சு. கவுன்சிலிங் என்கிறார்கள். எந்த நேரத்தில் ஆசை வருகிறது? மிளகு விற்ற பணத்தோடு சோளக்காட்டுச் சந்தையில் நிற்கும்போதா? ஆடிப் பதினெட்டுக்கு உறவினர் கூடும்போதா? வீட்டில் சண்டை வந்தாலா? இதைக் கண்டுபிடித்து, அந்த நேரத்தை எப்படித் தாண்டுவது என்று சொல்லிக் கொடுப்பார்கள். மனைவிக்கும் மக்களுக்கும் தனியாக ஆலோசனை உண்டு. அடிபட்டு, அவமானப்பட்டு, அவர்களும் நொந்து போய் இருக்கிறார்கள் அல்லவா?

நாலாவது படி, துணை. 1935-ல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில், குடியால் கெட்ட இருவர் சந்தித்தார்கள். ஒருவர் பங்கு வியாபாரி. மற்றவர் டாக்டர். இருவரும் ஒருவருக்கு ஒருவர் துணை நின்று குடியை விட்டார்கள். அதுவே "ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ்" என்ற சங்கமாக வளர்ந்தது. இன்று தமிழ்நாட்டிலும் அதன் கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் இல்லை. "இன்று ஒரு நாள் குடிக்க மாட்டேன்" என்பதே அவர்கள் கணக்கு.

ஒரு மனைவியின் கண்ணீர்

சென்னையில் பெரிய செல்வக் குடும்பம். மத்திய நிதி மந்திரியாக இருந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் பேரன் டி.டி.ரங்கநாதன். பணத்துக்குக் குறைவு இல்லை. ஆனாலும் குடி அவரை விடவில்லை. 1979-ல் இறந்தார்.

அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. மறு ஆண்டே, 1980-ல், கணவர் பெயரால் குடி நோய்க்கு ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார். இன்று அது டி.டி.கே. ஆஸ்பத்திரி. 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது.

ஆனால் கிராமத்துக் கூலிக்காரர் சென்னைக்கு வந்து படுக்க முடியுமா? முடியாது. ஆகவே ஆஸ்பத்திரியே கிராமத்துக்குப் போனது! திருவாரூர் பக்கம் மஞ்சக்குடி என்ற ஊரில் 15 நாள் முகாம் நடத்தினார்கள். ஊரிலேயே தங்க இடம், மருந்து, ஆலோசனை எல்லாம் கிடைத்தன. முகாம் முடிந்த பிறகும் தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். அந்த அனுபவம் 1994-ல் ஆராய்ச்சிக் கட்டுரையாகவும் வந்தது.

எழுபது வளைவுகள்

கொல்லிமலைக்கு வேண்டியதும் இதுவே.

காரவள்ளியிலிருந்து மலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. ஒரு முறை இறங்கிப் போகலாம். ஆனால் குடி நோய் சர்க்கரை நோயைப் போல. ஒரு முறை போனால் போதாது. மாதக்கணக்கில் தொடர்ந்து பார்க்க வேண்டும். மலைக்காரர் ஒருவர் அதற்காக இறங்கினால், ஒரு நாள் கூலி போகும். பஸ் செலவு வேறு. இரண்டு முறை போவார். மூன்றாவது முறை நின்றுவிடுவார்.

அவர் இறங்குவதற்குப் பதில், மருந்தும் ஆலோசனையும் மாதம் ஒரு முறை மலை ஏறட்டும். செம்மேட்டில் ஒரு நாள், சந்தை கூடும் இடத்தில் ஒரு நாள் என்று முகாம் நடக்கட்டும். குடியை விட்டவர்களே புதியவர்களுக்குத் துணை நிற்கட்டும்.

அது வரும் வரை காத்திருக்க வேண்டாம். இன்றே போனில் கேட்கலாம். போதை மறுப்புக்கான அரசாங்க எண்: 14446. மனநல உதவிக்கு: 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

தவறி விழுந்தால்?

ஒருவர் ஆறு மாதம் குடிக்காமல் இருப்பார். ஒரு நாள் விழுந்துவிடுவார். "அவ்வளவுதான், நாய் வால் நிமிராது" என்று ஊர் சிரிக்கும். சிரிக்காதீர்கள்! சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறினால் என்ன செய்வோம்? மறுபடி டாக்டரிடம் அழைத்துப் போவோம். இதுவும் அப்படியே.

மலை ஏறுகிற பஸ் ஒவ்வொரு வளைவிலும் மெதுவாகிறது. சில இடத்தில் பின்வாங்கியும் திருப்புகிறார் டிரைவர். அதற்காக யாரும் பஸ்சை விட்டு இறங்கிவிடுவது இல்லை. எழுபது வளைவையும் தாண்டினால் செம்மேடு வந்துவிடும்.

வீட்டில் ஒருவர் குடியை விடப் பாடுபடுகிறாரா? அவரோடு அந்தப் பஸ்சில் உட்கார்ந்து இருங்கள்.