நடுவயது மாதரின் மனத்தளர்ச்சியும் ஹார்மோன் சிகிச்சையும்

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர்)

ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் முதல் யாது என்று வினவினால், பங்குத்தொகை என்றும், சேமநிதி என்றும், கையிருப்புச் சரக்கு என்றும் விடை கூறுவர். இவையெல்லாம் ஐந்தொகையில் காணும் முதல். அங்கே காணப்படாத முதல் ஒன்று உண்டு. அஃது உழைக்கும் அங்கத்தினரின் உடல்நலமும் உளநலமும் ஆகும். நமது நெசவாளர் சங்கங்களிலும் விவசாயிகள் சங்கங்களிலும் அவ்வுழைப்பில் பெரும்பகுதி மாதருடையது. தறியில் அமர்வோர், தார் சுற்றுவோர், பாவு பிணைப்போர், நாற்று நடுவோர், களை எடுப்போர் ஆகியோரில் 40 முதல் 55 வயதிற்கு உட்பட்ட தாய்மார்கள் எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு சங்கத்தாரும் தம் பதிவேட்டைப் புரட்டி அறியலாம். அவ்வயதில் அவர்களுள் பலருக்கு நேரும் ஒரு துன்பத்தைப் பற்றியும், அதற்குரிய சிகிச்சையைப் பற்றியும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துன்பத்தின் இயல்பு

மாதவிலக்கு நின்று 12 மாதங்கள் நிறைந்த பின்னரே அது முற்றும் நின்றுவிட்டதாக மருத்துவர் கொள்வர். நம் நாட்டு மாதருக்குச் சராசரியாக 46, 47 வயதளவில் இது நேர்கிறது. ஆயினும் துன்பம் அன்றுதான் தொடங்குவதன்று. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே சூற்பைகளின் இயக்கம் ஒழுங்கு தவறுகிறது. ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் அக்காலத்தில் படிப்படியாகக் குறைவதாகவே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது ஒரு மாதம் மிகுந்தும் மறுமாதம் தாழ்ந்தும் நிலையின்றி ஏறி இறங்குகிறது. இவ்வேற்ற இறக்கம் உடல் வெப்பத்தை மட்டுமன்றி, உறக்கத்தையும் உணர்ச்சியையும் ஆளுகின்ற மூளைப் பகுதிகளையும் தாக்குகிறது.

இதனால் இரவில் வியர்வை பெருகுகிறது, உறக்கம் கலைகிறது, சிறு சொல்லுக்கும் சினம் மூளுகிறது, காரணமின்றிக் கண்ணீர் வருகிறது, பழகிய வேலையிலும் கருத்து ஊன்றுவதில்லை. அமெரிக்காவில் ஆண்டுக்கணக்காகப் பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2011-ல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சி ஒன்று, இப்பருவத்தில் கடும் மனச்சோர்வு நேரும் வாய்ப்பு முன்னிருந்ததைப்போல் 2 முதல் 4 மடங்கு ஆகிறது என்று காட்டியது. நம் ஊர்களிலோ இதனை மாமியார் குணம் என்பர். வயதின் கோபம் என்பர். காற்றுக் கருப்பு என்று மந்திரிக்கச் செல்வாரும் உளர். நோயென்று கருதுவார் சிலரே.

இரண்டு மருந்துகள்

குறைந்தும் மிகுந்தும் அலையும் ஹார்மோனை ஓரளவில் நிலைநிறுத்துவதே சிகிச்சையின் கருத்து. சினைக்குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுக்கப்பட்ட ஈஸ்ட்ரோஜன் மாத்திரை 1942-லேயே அமெரிக்காவில் வழக்கிற்கு வந்தது. கருப்பை உள்ளவர் இதனைத் தனியே உட்கொண்டுவரின் கருப்பையின் உட்சுவர் தடித்துப் புற்றுநோய் உண்டாகும் வாய்ப்பு மிகும் என்பதை 1975-ல் வெளிவந்த ஆராய்ச்சிகள் காட்டின. ஆதலின் கருப்பையைக் காக்கும்பொருட்டு இரண்டாவது மருந்து ஒன்று சேர்க்கப்படலாயிற்று. அது புரோஜெஸ்டிரோன் ஆகலாம். அன்றி, அதனைப் போன்று செயற்கையில் செய்யப்பெற்ற புரோஜெஸ்டோஜன் வகைகளுள் ஒன்றாகலாம். கருப்பை அகற்றப்பெற்றவருக்கு இவ்விரண்டாவது மருந்து பொதுவாகத் தேவையில்லை.

இம்மருந்தின் வரலாறு விவசாய அன்பர்களுக்குச் சுவை பயப்பதாகும். ரஸ்ஸல் மார்க்கர் என்னும் அமெரிக்க ரசாயன அறிஞர், மெக்ஸிகோ நாட்டில் தாமே விளையும் ஒருவகைக் காட்டு வள்ளிக்கிழங்கின் சத்திலிருந்து புரோஜெஸ்டிரோன் செய்யும் முறையைக் கண்டார். 1944-ல் அந்நாட்டிலேயே ஸின்டெக்ஸ் என்னும் கம்பெனி நிறுவப்பட்டது. அதன்பின் அருமருந்தாய் இருந்தது மலிந்தது. ஆயினும் கிழங்கை உண்பதாலோ, கிழங்குச் சாற்றுக் களிம்பைப் பூசுவதாலோ இப்பயன் கிட்டாது. அம்மாற்றம் ரசாயனசாலையில் நிகழ்வது; மனித உடல் அதனைச் செய்யமாட்டாது.

மனத்தளர்ச்சிக்கு இச்சிகிச்சை பயன்படுமோ எனின், பயன்படும் என்பதற்குச் சான்று உண்டு. மனச்சோர்வுற்ற நடுவயது மாதர் 50 பேரை வைத்து நடத்திய ஒரு சோதனையின் முடிவு 2001-ல் வெளியாயிற்று. 12 வாரம் ஈஸ்ட்ரோஜன் பட்டையைத் தோலில் ஒட்டிக்கொண்ட 25 பேரில் 17 பேர் குணமடைந்தனர். மருந்தில்லாப் பட்டை ஒட்டிய 25 பேரில் குணமடைந்தவர் ஐவரே. 2018-ல் வெளியான மற்றொரு சோதனையில் 172 பேர் ஓராண்டு கவனிக்கப்பட்டனர். மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 17 பேருக்கும், பெறாதவர்களில் நூற்றுக்கு 32 பேருக்கும் சோர்வு தோன்றியது. பயன் உண்டு; எல்லோருக்கும் உண்டு என்பதன்று.

ஒரு சங்கத்தில் கண்டது

ஆய்வுக்குச் சென்ற நெசவாளர் சங்கம் ஒன்றில் பாவு வழங்கும் பதிவேட்டைப் பார்க்க நேர்ந்தது. 20 ஆண்டுகள் தவணை தவறாது சேலை கொடுத்து வந்த 47 வயது அம்மையார் ஒருவரின் பெயருக்கு நேரே எட்டு மாதங்களாகத் தவணை தவறியிருந்தது. அவருக்கு நூல் வழங்குவதை நிறுத்துவது பற்றி அடுத்த கூட்டத்தில் முடிவு செய்வதாக இருந்தனர். வீட்டிற்குச் சென்று விசாரித்தபின்னரே உண்மை விளங்கிற்று. இரவெல்லாம் விழித்திருந்து, பகலில் அறுந்த இழையைக் கண்டு அழுது, மருமகளிடம் எரிந்து விழுந்து, "நான் இருந்து யாருக்கு என்ன பயன்?" என்று சொல்லும் நிலையில் அவர் இருந்தார்.

அவர் மருந்தே உண்ணாதவரல்லர். அரசு ஆஸ்பத்திரியில் மாதர் நோய் மருத்துவர் இரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இல்லை என்று பரிசோதித்தறிந்து, ஈஸ்ட்ரோஜன் மாத்திரையும், மாதத்தின் பிற்பாதியில் 14 நாள் புரோஜெஸ்டோஜன் மாத்திரையும் கொடுத்திருந்தார். முதல் மாதத்திலேயே வியர்வை குறைந்தது, உறக்கமும் வந்தது. ஆனால் பிற்பாதியில் சினமும் இருளும் முன்னிலும் மிகுந்தன. "பதினைந்தாம் தேதி வந்தால் அத்தையைப் பார்க்கவே பயமாக இருக்கும்" என்றார் மருமகள். இரண்டு மாதத்திற்குப்பின், மருந்து தமக்கு ஆகாது என்று அம்மையார் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்.

இங்கேதான் ஒரு பழைய நோட்டுப்புத்தகம் உதவிற்று. மருமகள் நாள்தோறும் அதில் ஐந்து கலம் எழுதி வந்திருந்தார்: தேதி, உறங்கிய மணி, வியர்வை, உண்ட மாத்திரை, மனநிலைக்குப் பத்துக்கு இத்தனை என்று ஓர் எண். மீண்டும் மருத்துவரிடம் சென்றபோது அவர் அதனை வாங்கிப் பார்த்தார். முதற்பாதியில் ஆறும் ஏழுமாக இருந்த எண், இரண்டாம் மாத்திரை தொடங்கிய சில நாளில் இரண்டாகவும் மூன்றாகவும் தாழ்ந்திருந்தது. குற்றம் சிகிச்சை முழுவதிலும் இல்லை, அதன் ஒரு பகுதியில்தான் உள்ளது என்பது தெளிவாயிற்று.

மருத்துவர் ஈஸ்ட்ரோஜனைத் தோலில் தடவும் களிம்பாக மாற்றினார். செயற்கைப் புரோஜெஸ்டோஜனுக்குப் பதிலாக, உடலில் ஊறுவதை ஒத்த நுண்துகள் புரோஜெஸ்டிரோனைப் படுக்குமுன் உண்ணச் செய்தார். இதில் சினம் அடங்கிற்று. காலையில் தலைச்சுற்றல் மிஞ்சியது. பின்னர் அதே மருந்து பிறப்புறுப்பின் வழியே வைத்துக்கொள்ளும் முறைக்கு மாற்றப்பட்டது. தலைச்சுற்றலும் தணிந்தது. எல்லாம் சேர்ந்து ஏழு மாதங்களாயின. இன்றும் சில நாட்களில் அவருக்குச் சோர்வு உண்டு. ஆனால் அது தாங்கத்தக்க சோர்வு. சேலை தவணைக்கு வருகிறது. வீட்டிலும் அமைதி உண்டு.

ஒன்று ஒவ்வாவிடில் மற்றொன்று

இதனால் அறியத்தக்கது யாதெனில், ஹார்மோன் சிகிச்சை என்பது ஒரே மருந்தின் பெயரன்று. வகை, அளவு, உட்கொள்ளும் வழி, நாள்முறை ஆகிய நான்கையும் மாற்றலாம். சிலருக்கு மாதத்தில் 12 நாள் 200 மி.கி. புரோஜெஸ்டிரோன் ஒவ்வாது; நாள்தோறும் 100 மி.கி. ஒத்துக்கொள்ளும். வேறு சிலருக்குப் புரோஜெஸ்டோஜனைக் கருப்பைக்குள்ளேயே சிறிது சிறிதாக விடும் சாதனம் பொருத்தப்படுகிறது. சிலருக்கு நுண்துகள் புரோஜெஸ்டிரோனே எரிச்சலைத் தருவதும் உண்டு. ஆதலின் அண்டை வீட்டாருக்கு ஒத்தது தமக்கும் ஒக்கும் என்று கடையில் வாங்கி உண்ணுதல் கூடாது. இரண்டாவது மருந்து துன்பம் தருகிறதென்று அதனை மட்டும் தாமே நிறுத்திவிட்டு ஈஸ்ட்ரோஜனைத் தொடர்வது பெருந்தீங்கு. கருப்பை காவலின்றிப் போகும். ஒரு முறையின் பயனை அறியச் சுமார் 3 மாதங்கள் வேண்டும். துன்பம் பொறுக்க முடியாததாயின் அதுவரை காத்திராமல் மருத்துவரிடம் கூறுதல் நலம்.

மனச்சோர்வு கடுமையாயின் ஹார்மோன் மட்டும் போதாது. மனச்சோர்வுக்குரிய மாத்திரைகளும், முறையான உளவியல் ஆலோசனையும் தனித்தோ சேர்த்தோ தரப்படுகின்றன. உயிரை வெறுக்கும் எண்ணம் தோன்றுமாயின் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. 14416 என்னும் அரசுத் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.

அச்சமும் எச்சரிக்கையும்

2002-ல் அமெரிக்காவில் 16,608 பேரைக் கொண்டு நடந்த ஒரு பெருஞ்சோதனை இடையில் நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோயும், பக்கவாதமும், இரத்தம் உறைதலும் மருந்து உண்டவர்களிடம் சிறிது மிகுந்து காணப்பட்டதே காரணம். அதிலிருந்து உலகெங்கும் அச்சம் பரவிற்று. அச்சோதனையில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63 என்பதும், கொடுத்தது குதிரை ஈஸ்ட்ரோஜனும் ஒரு செயற்கைப் புரோஜெஸ்டோஜனுமே என்பதும் கருதத்தக்கவை. 60 வயதிற்குள், அல்லது மாதவிலக்கு நின்ற 10 ஆண்டிற்குள் தொடங்கும் நலமுள்ள மாதருக்குப் பெரும்பாலும் தீமையினும் நன்மையே மிகுதி என்பது இன்றைய மருத்துவர் கருத்து. தோலின் வழியே செல்லும் ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலை அடையாமையால், இரத்தம் உறையும் ஆபத்து மாத்திரையைவிடக் குறைவு.

எனினும் மார்பகப் புற்றுநோய் கண்டவர், இரத்தக்கட்டு அல்லது பக்கவாதம் அல்லது மாரடைப்பு கண்டவர், கல்லீரல் நோயுடையவர், காரணம் அறியப்படாத உதிரப்போக்குடையவர் ஆகியோர்க்கு இச்சிகிச்சை பொதுவாகத் தரப்படுவதில்லை. மாதவிலக்கு முற்றும் நின்றபின் உதிரம் கண்டால் உடனே பரிசோதித்துக்கொள்ள வேண்டும். இம்மருந்து கருத்தடை ஆகாது என்பதையும் மறத்தலாகாது.

சங்கத்தாரின் கடமை

நிர்வாகக் குழுவினர் செய்யக்கூடியவை எளியவையே. தவணை தவறிய பெண் அங்கத்தினருக்கு நூலை நிறுத்தும் முன், குழுவிலுள்ள மாதர் ஒருவரை அனுப்பிக் காரணத்தை விசாரிக்கலாம். சிகிச்சை பெறும் மாதங்களில் பாவுத் தவணையை நீட்டலாம். தார் சுற்றுதல் போன்ற இலகுவான வேலை தரலாம். மருத்துவ முகாம் நடத்தும்போது மாதர் நோய் மருத்துவரையும் அழைக்கலாம். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை; நல்லெண்ணம் வேண்டும்.

தாய்மார்களுக்குக் கூறவேண்டுவது ஒன்றே. கூலிக்கும் பாலுக்கும் கணக்கெழுதும் கை, தன் உறக்கத்திற்கும் மனத்திற்கும் நாளொரு வரி எழுதட்டும். எழுதப் படிக்க அறியாதவருக்கு வீட்டிலுள்ள பிள்ளைகள் எழுதித் தரலாம். அவ்வேட்டுடன் மருத்துவரிடம் செல்க. முதல் மருந்து ஒவ்வவில்லையெனில் இரண்டாவது உண்டு. அதுவும் ஒவ்வவில்லையெனில் மூன்றாவது உண்டு. மருத்துவரிடம் சொல்லாமல் நிறுத்திவிடுதல் ஒன்றே தவிர்க்கவேண்டிய பிழையாகும்.