நிரலை ஏஐ எழுதலாம். விளக்கம் யார் சொல்வது?

எஸ்.பி.எம். முடித்துக் கணினித் துறைக்குப் போகும் பிள்ளைகளிடம் இப்போது பலரும் கேட்பது இதுதான்: “நிரலை ஏஐ-யே எழுதிவிடுகிறதே, இனி நீ எதற்கு?”

கேள்வியில் நியாயம் உண்டு. 2022-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த கிட்ஹப் கோபைலட், நிரலாளர் ஒரு வரியைத் தொடங்கினால் மீதியை எழுதிக் காட்டியது. இன்றைய கருவிகள் முழு நிரலையும் எழுதி, சோதித்து, பிழை திருத்தவும் முயல்கின்றன.

ஆனால் இவை படித்த கோடிக்கணக்கான வரிகளைக் கொண்டு, அடுத்து வரக்கூடியதை ஊகித்தே எழுதுகின்றன. ஊகம் தவறும்போதும் தோரணை மாறாது. இல்லாத மென்பொருள் தொகுப்பின் பெயரைக்கூட இருப்பதுபோல் எழுதிவிடும். அந்தப் பெயரில் யாராவது தீய நிரலைப் பதிவேற்றி வைத்திருந்தால், திருடனுக்கு நாமே கதவைத் திறந்த கதைதான்.

2025-இல் எம்.இ.டி.ஆர். என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு, அனுபவமிக்க 16 நிரலாளர்களிடம் அவர்களுக்குப் பழக்கமான மென்பொருள்களில் 246 பணிகளைக் கொடுத்துப் பார்த்தது. ஏஐ-யைப் பயன்படுத்த அனுமதித்த பணிகளுக்கு 19 விழுக்காடு கூடுதல் நேரம் பிடித்தது. வேடிக்கை என்னவென்றால், வேலை முடிந்த பிறகும் 20 விழுக்காடு வேகமாக முடித்ததாகவே அவர்கள் நம்பினார்கள்! ஏஐ எழுதியதைப் படித்துத் திருத்துவதும் வேலைதானே. புதிதாகக் கற்பவர்களுக்கு இக்கணக்கு மாறலாம்.

ஜாங்கோ மென்பொருளை உருவாக்கியவர்களில் ஒருவரான சைமன் வில்லிசன் இக்கருவிகளை விரும்பிப் பயன்படுத்துபவர். ஆனாலும், இன்னொருவருக்கு விளக்கிச் சொல்ல முடியாத நிரலைத் தம் மென்பொருளில் சேர்ப்பதில்லை என்பது 2025-இல் அவர் சொன்ன கட்டுப்பாடு.

பிள்ளை ஏஐ-யின் துணையோடு பாடவேலை செய்தால் திட்ட வேண்டாம். பத்தாவது வரி என்ன செய்கிறது என்று கேளுங்கள். பதில் நமக்குப் புரியாமல் போகலாம்; தடுமாறினால் தெரிந்துவிடும்.