ஏலக்காட்டிலும் வீட்டிலும் பூரான்

ஏலச்செடியில் காய் உச்சியில் பிடிப்பதில்லை. தட்டை ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும்; காய்க்கிற சரம் மட்டும் தூரடியில், மண்ணை ஒட்டிச் சருகுக்குள் படர்ந்து கிடக்கும். காய் எடுக்கும் பெண்கள் குத்தவைத்து உட்கார்ந்து, அந்தச் சருகை விலக்கித்தான் காயைக் கிள்ள வேண்டும். மழைக்காலத்தில் பூரான் ஒதுங்குவதும் அதே சருகுக்கடியில்தான். உடும்பன்சோலை, நெடுங்கண்டம் பக்கத்து ஏலக்காடுகளில் வேலை பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பூரான் கடித்த கதை இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

என் அம்மா அந்த வேலை பார்த்தவர். பள்ளி விடுமுறையில் கூடவே போகும் எனக்கு அவர் சொல்லித் தந்த முதல் பாடம் இது: “கைய வெக்கிறதுக்கு முந்தி குச்சியால சருக ரெண்டு தட்டுத் தட்டு பாப்பா. அது ஓடிரும். அதுக்கும் உசுரு பயம் இருக்குல்ல.” பின்னாளில் நான் அறிவியல் ஆசிரியை ஆனேன். பூரானைப் பற்றி எவ்வளவோ படித்தும், அம்மாவின் அந்தச் சொல்லைத் திருத்த வேண்டிய அவசியம் வரவே இல்லை.

கல்யாணமாகி நான் வந்த ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம். வேலந்தாவளம் சாவடியைத் தாண்டினால் கோவை மாவட்டம். வீட்டிலும் கடைத்தெருவிலும் தமிழ்தான். ஆனால் பிறந்த மலைக்கும் வாழும் சமவெளிக்கும் தட்பவெப்பத்தில் துளியும் உறவில்லை. அங்கே தோட்டத் தொழிலாளர் லயத்துச் சுவரில் ஈரம் காயாது. இங்கே பங்குனி, சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தொடும். கிணற்றடி மண்கூட வெடித்துக் கிடக்கும். இரண்டு இடத்திலும் பூரான் வீட்டுக்குள் வருகிறது. அங்கே மழை துரத்தி வருகிறது, இங்கே வெயில் துரத்தி வருகிறது.

இரண்டுக்கும் காரணம் அதன் உடம்பில்தான் இருக்கிறது. எறும்பு, வண்டு போன்ற பூச்சிகளின் மேல்தோலில் மெழுகுப் பூச்சு உண்டு. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாது. பூரானுக்கு அந்தக் காப்பு சரியாக இல்லை. மூச்சு விடும் துளைகள் உடம்பின் பக்கவாட்டில் இருக்கின்றன. பூச்சிகளைப் போல அவற்றை இறுக மூடிக்கொள்ளவும் அதனால் முடியாது. வெயிலில் கொஞ்ச நேரம் மாட்டினால் காய்ந்து செத்துப் போகும். அதனால்தான் பகலெல்லாம் கல்லுக்கடியில், மட்டைக்கடியில், விறகு அடுக்குக்குள் கிடந்துவிட்டு இரவில் இரைக்குக் கிளம்புகிறது. பொந்தில் மழைநீர் நிறைந்தால் மூச்சு முட்டி வெளியே வருகிறது. மண் வறண்டால் ஈரம் தேடி வருகிறது. குளியலறையும் தண்ணீர்ப் பானை வைத்த மூலையும் ஈரச்சாக்கு மிதியடியும் அதற்கு வாகான இடங்கள். மனிதனைக் கடிக்கவென்று எந்தப் பூரானும் வாசல் ஏறுவதில்லை.

வகுப்பில் பிள்ளைகளிடம் பூரானுக்கு எத்தனை கால் என்று கேட்டால் நூறு என்பார்கள். ஆனால் பூரான் குலம் முழுவதிலும் கால் ஜோடிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையில்தான் இருக்கும். சிலவற்றில் 15 ஜோடி. மண்ணுக்குள் வாழும் நூல் போன்ற சிலவற்றில் 191 ஜோடி வரை போகும். நாம் அதிகம் பார்க்கும் பெரிய பூரானுக்கு 21 ஜோடி. நூறு கால் என்றால் 50 ஜோடி, அது இரட்டைப்படை என்று சொன்னதும் பிள்ளைகளே கணக்கை முடித்துவிடுவார்கள்.

அந்த 21-இல் கடைசி ஜோடி நடக்கப் பயன்படுவதில்லை. தடித்து, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். இரையைப் பற்றவும் எதிரியை மிரட்டவும் அது உதவுகிறது. வாலில் கொடுக்கு இருப்பதாக ஊரில் பலர் நம்புவதற்கு இந்தக் கால்கள்தான் காரணம். நஞ்சு இருப்பது தலைக்கடியில். முதல் ஜோடிக் கால்கள் கொக்கி போல வளைந்து, நஞ்சுப் பையும் நுனியில் துளையுமாக மாறியிருக்கின்றன. அது வாயால் கடிப்பதில்லை. அந்தக் கொக்கிகளால் கிள்ளுகிறது. கடிவாயில் இரண்டு புள்ளி தெரிவது அதனால்தான். அந்த இரண்டு புள்ளியை நினைவில் வையுங்கள், பிறகு சொல்கிறேன்.

மரவட்டையைப் பூரான் என்று எண்ணி அடித்துக் கொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மலையாளப் பிள்ளைகள் அதைத் தேரட்டை என்பார்கள், பூரானைப் பழுதார என்பார்கள். மரவட்டை மெல்ல ஊரும், தொட்டால் சுருண்டுகொள்ளும், சருகைத் தின்று மண்ணை உரமாக்கும். அதற்குக் கடிக்கத் தெரியாது.

பூரானிலும் பல வகை உண்டு. ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறிப் பட்டை போட்ட பெரிய பூரானை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். புலிப்பூரான் என்றே சொல்லலாம். 1844-இல் ஜார்ஜ் நியூபோர்ட் என்ற ஆங்கிலேயர் அதற்கு ஸ்கோலோபென்ட்ரா ஹார்ட்விக்கி என்று பெயர் வைத்தார். குளியலறைச் சுவரில் முடி போன்ற நீளக் கால்களோடு கண்மூடித் திறப்பதற்குள் பறந்து மறைவது வேறொரு வகை. அதற்கு 15 ஜோடிக் கால். கரப்பான்பூச்சியை விரட்டிப் பிடித்துத் தின்னும். ஆளைக் கடிப்பது மிக அரிது. இன்னொன்றைப் பார்க்கக் கொடுப்பினை வேண்டும். மண்ணுக்குள் வாழும் கண்ணில்லாத நூல்பூரான் ஒன்று, சீண்டினால் பச்சையாக ஒளிரும் ஈரத்தைக் கசியவிடும். அடைமழை இரவில் மின்சாரம் போயிருந்தபோது, லயத்து முற்றத்தில் அந்த ஒளிக்கோடு நெளிந்து போனதை நான் சிறுமியாக இருக்கையில் பார்த்திருக்கிறேன். பேய்க்கோடு என்று சொல்லிப் பாட்டி என்னை உள்ளே இழுத்துக்கொண்டார். அது ஆர்ஃப்னியஸ் என்ற வகை என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

ஆனால் எனக்குப் பூரான் மேல் உண்மையான மதிப்பு வந்தது இன்னொரு செய்தியால். நிலத்தில் வேட்டையாடி வாழத் தொடங்கிய முதல் உயிர்களில் பூரான் குலமும் ஒன்று. 40 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு அதற்கு உண்டு. நம் மலைத்தொடரின் கதையையும் அது உடம்பில் சுமந்துகொண்டிருக்கிறது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய மகாராஷ்டிரத்திலும் அதைச் சுற்றியும் பூமி பிளந்து எரிமலைக் குழம்பு வழிந்தது. குளிர்ந்து இறுகிய அந்தப் பாறை இன்றும் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கிறது. அந்த அழிவில் தீபகற்பத்தின் ஈரம் விரும்பும் சிற்றுயிர்கள் எங்கே போய்ப் பிழைத்தன?

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஜான்வி ஜோஷியும் பிரவீண் கராந்தும் இந்தக் கேள்விக்குப் பூரான்களிடம் பதில் தேடினார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் டிஜிட்டிபஸ் என்ற பூரான் பேரினத்தின் மரபணுக்களை ஒப்பிட்டு 2013-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, தெற்கு மலைகளே புகலிடமாக இருந்திருக்க வேண்டும் என்றது. எரிமலைக் குழம்பு எட்டாத தெற்கில் தப்பிய குலங்கள், பிறகு வடக்கு நோக்கிப் பரவியிருக்கின்றன. எத்மோஸ்டிக்மஸ் என்ற இன்னொரு பேரினத்தை ஜான்வி ஜோஷியும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கிரெகரி எட்ஜ்கோம்பும் ஆராய்ந்தபோதும் வேர் தெற்கு மலையில்தான் போய் முடிந்தது. 2018-இல் அவர்கள் அந்தப் பேரினத்தில் புதிதாகப் பெயரிட்ட இனங்களில் ஒன்றுக்கு அகத்தியமலையின் பெயரையே சூட்டினார்கள்.

பாலக்காட்டுக் கணவாய் இந்த மலைத்தொடரின் நடுவே விழுந்த இடைவெளி. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலம். நான் குடியிருப்பது அதன் வாயில், பிறந்தது அதற்குத் தெற்கே உள்ள மலையில். தேயிலையும் ஏலத்தோட்டமும் வந்தது நேற்று. எங்கள் லயத்து வாசலில் துடைப்பத்தால் அடிபட்டுச் செத்த பூரான்களின் குலமோ இமயமலை எழும்புவதற்கு முன்பே அந்த மண்ணில் இருந்தது. இதைப் படித்த நாளிலிருந்து எனக்குத் துடைப்பத்தை ஓங்க மனம் வரவில்லை.

இதை என் மாமியாருக்குப் புரியவைப்பது அவ்வளவு எளிதாக இல்லை. “அட விடு கண்ணு, பூரானை வுட்டா ராத்திரி மறுக்கா வரும்” என்பார். ஒரு நாள் தென்னை மட்டை அடுக்கைப் பிரித்தபோது அடியில் ஒரு பூரான் வட்டமாகச் சுருண்டு கிடந்தது. ஓடவில்லை. “அத்தை, அடிக்காதீங்க, வயித்துப் பக்கம் பாருங்க” என்றேன். காலிடுக்கில் மங்கிய மஞ்சள் நிறத்தில் முட்டைகளை அணைத்து வைத்திருந்தது. தாய்ப்பூரான் வாரக்கணக்கில் இரை தேடாமல் இப்படிக் கிடக்கும்; முட்டைகளில் பூஞ்சை பிடிக்காதபடி ஓயாமல் நக்கிச் சுத்தம் செய்யும். குஞ்சு பொரித்து அவை தானே நடமாடும் வரை விலகாது. தொந்தரவு பொறுக்காமல் போனால் முட்டைகளைத் தானே தின்றும் விடும். அத்தை கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். பிறகு மட்டையைப் பழையபடி மூடச் சொன்னார்.

வீட்டுக்குள் வந்த பூரானை வெளியேற்ற ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் காலண்டர் அட்டையும் போதும். டப்பாவைக் கவிழ்த்து மூடி, அட்டையை அடியில் நுழைத்து, தோட்டத்து மூலையில் கொண்டுபோய் விட்டுவிடலாம். வெறுங்கையால் தொடவே கூடாது. தலை துண்டான பூரானின் கொக்கியும் சிறிது நேரம் கிள்ளும். வராமல் தடுக்க விரும்பினால் கதவுக்கடியில் உள்ள சந்தை அடையுங்கள், சாக்கடைத் துளைக்கு ஜாலி போடுங்கள், விறகைத் தரையில் போடாமல் கல் வைத்து அடுக்குங்கள். பாயைச் சுவரிலிருந்து தள்ளி விரித்து, கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கடியில் செருகிக்கொள்ளுங்கள். கரப்பான் பெருகிய வீட்டுக்குத்தான் பூரான் இரை தேடி வரும் என்பதால் சமையலறைச் சுத்தமும் இதில் சேர்த்திதான்.

கடித்தால் வலி கடுமை. நெருப்புக் கங்கை வைத்தது போல எரியும், வீங்கும், சிலருக்கு நெறி கட்டும். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தணிந்துவிடும். பூரான் கடித்து உயிர் போவது உலகிலேயே மிக மிக அரிது. சோப்புப் போட்டுக் கழுவி, பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையையோ காலையோ அமிழ்த்தி வையுங்கள். சூட்டை முதலில் கடிபடாத கையால் சோதிக்க வேண்டும். குழந்தைகளுக்குக் கூடுதல் கவனம் தேவை. தைவான் மருத்துவர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், பூரான் கடிக்கு வெந்நீர், பனிக்கட்டி ஒத்தடம், வலி ஊசி மூன்றுமே ஒரே அளவுக்கு வலியைக் குறைத்தன. ஏலக்காட்டுப் பெண்கள் அடுப்படி வெந்நீரில் கையை வைத்துக்கொண்டது வெறும் பழக்கம் அல்ல. மண்ணெண்ணெய் ஊற்றுவதும் பிளேடால் கீறுவதும் புண்ணைத்தான் பெரிதாக்கும். கருப்பட்டி தின்பதால் கெடுதல் இல்லை, ஆனால் அதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கக் கூடாது. முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே போக வேண்டும். டெட்டனஸ் தடுப்பூசி பற்றியும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த இரண்டு புள்ளிக்கு வருகிறேன். பாம்பு கடித்தாலும் அதே போல இரண்டு புள்ளி தெரியலாம். இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே இதற்காகத்தான். இருட்டில் எதுவோ கடித்து, எழுந்து விளக்கைப் போட்டால் எதையும் காணோம். “பூரானா இருக்கும், படு” என்று வீட்டில் ஒருவர் சொல்வார். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் அப்படித்தான் படுத்தார். விடியலில் இமை தூக்க முடியவில்லை, நாக்கு குழறியது. கடித்தது கட்டுவிரியன். நேரத்தோடு மாற்று மருந்து ஏறியதால் பிழைத்துக்கொண்டார்.

கட்டுவிரியன் இரவில் வந்து, தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல சமயம் வலியே இருக்காது, கடித்தடமும் சரியாகத் தெரியாது. அதன் நஞ்சு நரம்பைக் கட்டிப்போட்டு மூச்சை நிறுத்தும். அதற்காக வலி இருந்தால் பூரான்தான் என்றும் முடிவு கட்டிவிட முடியாது. மலைத்தோட்டச் சருகில் கிடக்கும் சின்னஞ்சிறு முழமூக்கன் விரியன் கடித்தாலும் எரிச்சலும் வீக்கமும்தான் முதலில் வரும். 2019 நவம்பரில் வயநாட்டின் சுல்தான் பத்தேரியில், வகுப்பறைத் தரையில் இருந்த பொந்திலிருந்து ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியைப் பாம்பு கடித்தது. காலில் ஏதோ குத்திவிட்டது என்று எண்ணி நேரம் போயிற்று. அந்தப் பிள்ளை பிழைக்கவில்லை. ஆசிரியையாக வாழ்ந்த எனக்கு அந்தச் செய்தி இன்றும் ஆறாத புண்.

ஆகவே கேட்டுக்கொள்கிறேன். கடித்த பூரானை உங்கள் கண்ணால் பார்த்திருந்தால் மட்டும் பூரான் கடி என்று சொல்லுங்கள். பார்க்கவில்லை என்றால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பாம்புக்கடி என்றே வைத்துக்கொண்டு கடிபட்டவரை நடக்கவிடாமல் வண்டியில் ஏற்றி, பாம்புக்கடி மாற்று மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்கு அந்த இரவிலேயே கொண்டுபோங்கள். பூரான் என்று தெரிந்தால் மருத்துவர் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.