பங்குனியில் செய்ய வேண்டிய வீட்டு வேலைகள்

போகிக்கு ஒட்டடை அடித்து, பரணைக் காலி செய்து, பழைய பாயைத் தூக்கிப் போட்டுவிட்டால் வருஷத்து வேலை முடிந்தது என்று நம்மில் பலர் நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறோம். அது வீட்டுக்குள்ளே கண்ணில் படுகிற சுத்தம். சம்ப், மாடி டேங்க், செப்டிக் டேங்க், மொட்டை மாடி இவற்றையெல்லாம் தையில் பார்க்க முடியாது. சுவரில் மழை ஈரம் காய்ந்திருக்காது. பனி நின்று கத்திரி வெயில் தொடங்காத பங்குனிதான் இதற்குத் தோதான மாதம்.

எங்கள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் குடும்பங்களுக்கு இது இன்னும் அவசியம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரிப்பு தொடங்கியது. பிறகு ஒரகடம், வல்லம் என்று தொழிற்சாலைகள் வளர, வயலாக இருந்த இடங்களெல்லாம் மனைகளாகி வீடுகளாகிவிட்டன. பாங்கில் கடன் வாங்கிக் கட்டிய வீடுகள். பாதாளச் சாக்கடை வராத மனைகளில் போர், சம்ப், செப்டிக் டேங்க் எல்லாம் அவரவர் பொறுப்புதான். சித்திரைத் திருவாதிரையில் ராமானுஜர் உற்சவத்துக்கு உறவுக்காரர்கள் வந்து இறங்குவார்கள். அதற்குள் முடித்துவிட்டால் நல்லது.

முதலில் மாடி டேங்க். தண்ணீரைத் திறந்துவிட்டு மறுபடி நிரப்பினால் சுத்தமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான பக்கச் சுவரில்தான் முட்டையிடும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக் கணக்கில் சாகாது. மறுபடி தண்ணீர் பட்டதும் பொரித்து, ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். அதனால் பக்கச் சுவரைத் தேங்காய் நாரோ, பிரஷோ கொண்டு அழுத்தித் தேய்க்க வேண்டும். ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டையும் பூந்தொட்டியின் அடித்தட்டையும் இதே போலத் தேய்த்து வையுங்கள். டேங்க் மூடி உடைந்திருந்தால் புதிது வாங்குவதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கழுவி நிரப்பியதும் 1000 லிட்டர் தண்ணீருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் போதும். அதை வாளித் தண்ணீரில் கலக்கித் தெளியவைத்து, மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். இன்னொரு விஷயம். கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். "இரண்டும் சேர்ந்தா பளிச்சுனு இருக்கும்" என்று யாராவது சொன்னால் நம்பவே வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் கிளம்புவது குளோரின் வாயு, நெஞ்சை அடைத்துவிடும்.

சம்ப் கழுவும் நாளில் கைக்குழந்தை உள்ளவர்கள் குழந்தையை அம்மா வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ விட்டுவிடுங்கள். திறந்து கிடக்கும் சம்ப் கிணற்றுக்குச் சமம். மோட்டார் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, மெயினையே அணைக்க வேண்டும். இரண்டு நாள் முன்பே தண்ணீர் ஏற்றாமல் வற்றவிட்டு, மிச்சத்தை வாளியால் மொண்டு செடிகளுக்கு ஊற்றிவிடலாம். கழியில் கட்டிய பிரஷ்ஷால் வெளியில் நின்றே தேய்க்க முடிந்தவரை தேயுங்கள். மாதக் கணக்கில் மூடிக் கிடந்த சம்பில் மூச்சு விடக் காற்று இல்லாமல் போகலாம். ஆழமான சம்ப் என்றால் இயந்திரம் வைத்துக் கழுவுகிறவர்களையே கூப்பிடுங்கள்.

செப்டிக் டேங்க் விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எங்கள் தெருவுக்குப் புதிதாக வந்த பெண், கணவர் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் என்னிடம் வந்தாள்.

"அக்கா, ஒருத்தர் உள்ளே இறங்கி வாளியால அள்ளிடறேன்னு சொல்றார். லாரிக்காரர் அதைவிட நிறையக் கேட்கிறார். என்ன செய்யட்டும்?"

"வேண்டாம்மா. அந்த ஆள் தானாவே வந்து கேட்டாலும் இறக்காதே. லாரியையே கூப்பிடு" என்றேன்.

"ஒரு விளக்கை இறக்கிப் பார்த்துட்டு இறங்குவாராம்."

இந்த விளக்குச் சமாசாரம் ரொம்ப நாளாகவே நம்மிடையே இருக்கிறது. விளக்கு எரிந்தால் காற்று இருக்கிறது என்று வேண்டுமானால் தெரியும், விஷவாயு இருப்பது தெரியாது. அங்கே மீத்தேனும் இருக்கும், தீ பட்டால் வெடிக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிற ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கே மரத்துப்போய் நாற்றமே தெரியாது. உள்ளே போனவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் விழுவார். 2022 அக்டோபரில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஒரு தனியார் விடுதியில் இப்படித்தான் மூன்று தொழிலாளர்கள் போய்விட்டார்கள். மூன்று வீடுகளில் அடுப்பு அணைந்தது.

2013-ஆம் வருஷச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கினால் முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டுக்காரர்களுக்கும் இது பொருந்தும். உரிமம் பெற்ற லாரி குழாய் போட்டு உறிஞ்சினால் அரை நாள் வேலைகூட இல்லை. 14420 என்ற எண்ணில் விசாரிக்கலாம். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எடுத்தால் போதும். எடுத்த தேதியை மின்சார அட்டையின் பின்பக்கம் எழுதி வையுங்கள். கழிவறையில் ஆசிட்டை அள்ளிக் கொட்டாதீர்கள், மலத்தை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் செத்துவிடும். குழந்தையின் டயாபரும் நாப்கினும் குப்பைக்குத்தான். காற்றுக் குழாயின் வாயில் நைலான் வலை கட்டிவிட்டால் கொசு வெளியே வராது.

அடுத்தது மொட்டை மாடி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தவித்த நாமே 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டதையும் பார்த்தோம். பெய்கிற மழை கூரையில் ஒழுகவும் கூடாது, வீணாகவும் கூடாது. மாடியைப் பெருக்கி, தட்டோட்டின் இணைப்பில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். விரிசலைச் சற்று அகலப்படுத்தித் தூசி தட்டி, தண்ணீர் தெளித்து, நீர்க்கசிவு தடுக்கும் திரவம் கலந்த சிமெண்டால் சாயங்காலத்தில் அடைத்து, ஈரச் சாக்குப் போட்டு நாலைந்து நாள் நனைத்து வந்தால் பிடித்துக்கொள்ளும். பிறகு சுண்ணாம்பு அடித்தால் கீழ் அறையில் வெக்கை குறையும்.

2003-ல் அரசு கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்புக் குழி பல வீடுகளில் மண் மூடி, மேலே துளசி மாடமே வந்துவிட்டது! மேலாக உள்ள மணலையும் ஜல்லியையும் வெளியே எடுத்துக் கழுவி வெயிலில் காயவைத்து மறுபடி போட்டால் ஐப்பசி மழைக்குத் தயார். மாடிக் குழாயின் வாயில் சருகு அடைக்காமல் ஒரு கம்பி வலையும் வைத்துவிடுங்கள்.

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையை ஒட்டியிருப்பவர்களுக்கு லாரிப் புழுதியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் வலையைக் காய்ந்த துடைப்பத்தால் தட்டினால் தூசி அத்தனையும் வீட்டுக்குள்தான் வரும், ஈரத்துணியால் துடையுங்கள். வயலாக இருந்த மண்ணில் கறையானும் உண்டு. கதவு நிலையில் கோடு போட்ட மாதிரி மண் ஏறியிருந்தால் அதைத் தட்டிவிட்டுப் போகாமல், நிலையை விரலால் தட்டிப் பாருங்கள். டொக்கு டொக்கென்று பொள்ளல் சத்தம் கேட்டால் தச்சரைக் கூப்பிட வேண்டிய நேரம்தான்.