வினாப்போட்டிக்கு மாணவர் படையினரை ஆயத்தஞ் செய்தல்

1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பெற்ற தேசிய மாணவர் படையின் குறிக்கோள், ஒற்றுமையும் ஒழுக்கமும் என்பதாம். அணிவகுப்பில் தலைவன் கட்டளையிட, ஏனையோர் வாய்திறவாது நடத்தல் ஒழுக்கம்; வினாப்போட்டியிலோ அம்மௌனமே குழுவைத் தோற்பிக்கும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்து உயர்நிலைப்பள்ளிக் குழுவொன்றைக் கருதுவோம். இராமாநுசர் 1017-இல் தோன்றிய ஊர் யாதெனின் அனைவரும் விடையிறுப்பர். ஹூண்டாய்த் தொழிற்சாலை 1998-இல் உற்பத்தி தொடங்கிய ஊர் யாதெனின், தலைவன் ஸ்ரீபெரும்புதூர் என விரைந்துரைத்தல் கூடும். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வரும் இளையோன் உண்மை அறிந்தும் அஞ்சி வாளாவிருப்பான்.

ஆதலின் பயிற்றுவோர் வரலாறு, பூகோளம், விஞ்ஞானம், படையியல் ஆகியவற்றை ஆளுக்கொன்றாகப் பகுத்தளித்து, இளையோன் முதலிலும் தலைவன் இறுதியிலும் பேசப் பழக்குக. கோப்பை கிட்டாவிடினும், அறிந்ததை அஞ்சாது கூறும் வன்மை அவனுக்கு வாழ்நாள் முழுதும் துணையாம்.