வளைவு நிற்கிறது, இசைக்கூடம் எங்கே?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்தில் செல்லும் நண்பர்கள், மலையேறுமுன் சாலையோரத்தில் தனித்து நிற்கும் ஒரு நுழைவு வளைவைக் கண்டிருப்பீர்கள். அதுதான் மாடர்ன் தியேட்டர்ஸ். உள்ளே நுழைந்தால் இன்று குடியிருப்புகளே உள்ளன.

இங்கிலாந்து சென்று நெசவுத் தொழிற்கல்வி பயின்று திரும்பிய திருச்செங்கோட்டு டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய நிறுவனம் இது. முதற்படம் 1937-இல் வந்த 'சதி அகல்யா'. நூற்றுக்கு மேற்பட்ட படங்களை ஈன்ற பின், 1982-ஆம் ஆண்டோடு படத்தயாரிப்பு ஓய்ந்தது, கட்டடங்களும் இடிபட்டன. படங்களைப் பற்றி எழுதியோர் பலர். எனக்கு அவ்வளாகத்தின் பாட்டைப் பற்றியே கவலை. அங்கே டிக்கட் விற்றுக் கச்சேரி நடத்தவில்லை என்பது உண்மையே. ஆயினும் அதை ஓர் இசையரங்கு என்றே நான் கூறுவேன். காரணம் உண்டு.

பேசும் படத்தின் தொடக்க ஆண்டுகளில் நடிப்பவரே பாட வேண்டும். அதுவும் காமிரா ஓடும்போதே பாட வேண்டும். வாத்தியக்காரர்கள் காமிராவின் கண்ணில் படாமல் திரைக்குப் பின்னும் மரத்துக்குப் பின்னும் மறைந்திருந்து வாசிப்பார்கள். தமிழில் பின்னணிப் பாடல் முறை 1938-இல் 'நந்தகுமார்' படத்தில்தான் தலைகாட்டியது. அதே 1938-இல் வெளிவந்த முதல் மலையாளப் பேசும் படமான 'பாலன்' நம் சேலத்தில் எடுக்கப்பட்டது. இருபதுக்கு மேற்பட்ட பாடல்கள், நடிகர்களே பாடினார்கள். மலையாளத் திரையிசையின் முதற்குரல் சேர்வராயன் மலையடிவாரத்தில் எழுந்தது என்றால் நம்மில் எத்தனை பேர் நம்புவோம்?

பின்னணி முறை வந்த பிறகும் பாட்டு உயிரோடுதான் பதிவாயிற்று. ஒலி ஒளியாக மாறிப் பிலிம் சுருளில் கோடாக விழும். பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் அமர வேண்டும். பாடுபவர் மைக்குக்கு அருகில், புல்லாங்குழல் சற்றுத் தள்ளி, உரத்த தாள வாத்தியம் மூலையில். எது ஓங்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்பதை உட்காரும் தூரமே பெரும்பாலும் தீர்மானித்தது. ஒரு வயலின் பிசகினால் போச்சு, பல்லவியிலிருந்து மறுபடியும் எல்லோரும் தொடங்க வேண்டும்! இன்று பாடகர் தனியறையில் ஓரடி ஓரடியாகப் பாடி ஒட்டிக்கொள்ளலாம். வாத்தியக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் ஜி. இராமநாதன் இசையமைத்த 'மந்திரி குமாரி'யில் (1950) திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய மலையுச்சிப் பாட்டைக் கேளுங்கள். ஒருவர் மூச்சுக்கு மற்றவர் காத்திருப்பது காதில் விழும்.

நியூயார்க்கில் 1883-இல் திறக்கப்பட்ட மெட்ரோபாலிடன் ஆப்பெரா மாளிகைக்கு 1966 ஏப்ரலில் கலைஞர்கள் கூடி நின்று பாடி விடை கொடுத்தார்கள். மறு ஆண்டு அது இடிக்கப்பட்டது. அதே நகரின் கார்னகி மண்டபத்தை வயலின் மேதை ஐசக் ஸ்டெர்ன் முன்னின்று போராடிக் காத்தார்; 1960-இல் நகராட்சி அதை ஐம்பது இலட்சம் டாலருக்கு வாங்கியது. நாம் காத்தது வாயிலை மட்டுமே. வாயில் சாலையிலிருந்து தெரிகிறது. பாடிய அறை எவர் கண்ணிலும் படுவதில்லை.

அந்த அறைக்கு விடை கொடுக்க நமக்கு இன்னும் ஒரு வழி எஞ்சியிருக்கிறது. படத்தின் பெயர்ப்பட்டியலில் இசையமைப்பாளர் பெயர் வரும். பிற்காலத்தில் பாடியவர் பெயரும் வரும். வயலினும் தபலாவும் வாசித்தவர்கள் பெயரோ பெரும்பாலும் வந்ததில்லை. அவர்களோடு பழகிய முதியவர்கள் செவ்வாய்ப்பேட்டையிலோ அம்மாப்பேட்டையிலோ திருச்செங்கோட்டிலோ இருக்கக்கூடும். வரலாற்றுத் துறை நண்பர்கள் ஒரு விடுமுறையில் நோட்டுப் புத்தகத்தோடு கிளம்பினால் நானும் உடன் வருகிறேன். கிடைக்கும் பெயர்களை அச்சிட, அடுத்த ஆண்டு மலரில் இரண்டு பக்கம் ஒதுக்குமாறு ஆசிரியர் குழுவை இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.