சாவுக் குறி கேட்டுச் சந்தோஷப்பட்டவன்

ஆயுள் காப்பீட்டு முகவர் வேலையில் ஒரு சங்கடம் உண்டு. சாவைப் பற்றிப் பேசாமல் பாலிசி விற்க முடியாது. பேசினால் வீட்டில் காபி கிடைக்காது. "நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா..." என்று ஆரம்பித்தாலே, உள்ளேயிருந்து "நல்ல வார்த்தையா சொல்லுங்க தம்பி" என்று அம்மா குரல் கொடுப்பார். அதனால் போனஸ், மெச்சூரிட்டி, பொண்ணு கல்யாணம் என்றெல்லாம் சுற்றிவிட்டு, கடைசியில்தான் நாமினி பெயரைக் கேட்போம்.

சித்திரக் கதைப் பைத்தியமும் எனக்கு உண்டு. முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸில் ஆரம்பித்த பழக்கம். இதுவரை படித்த கதாபாத்திரங்களில், என் தொழில் கண்ணோடு பார்த்து நான் அசந்துபோனது ஒருவனைத்தான். அவன் பெயர் டர்கன் தண்டர்ஷீல்ட். 'நீ செத்துப்போவாய்' என்று குறிசொன்னதும் ஆனந்தத்தில் கண் கலங்கியவன்.

அவன் வரும் தொடர் 'தி ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்'. அமெரிக்கரான ரிச் பர்லூ 2003 செப்டம்பரில் இணையத்தில் தொடங்கியது. பிள்ளைகள் நோட்டுப் புத்தக ஓரத்தில் கிறுக்குவதுபோல வட்டத் தலை, குச்சிக் கை, குச்சிக் கால். முதலில் இது வெறும் கிண்டல்தான். பகடை உருட்டி, வீரனாகவோ மந்திரவாதியாகவோ பாவித்து ஆடும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டம் 1974 முதல் இருக்கிறது. அதன் விதிகளைக் கேலி செய்யும் பக்கங்களாக ஆரம்பித்து, போகப் போக ஒரு பெரிய காவியமாகவே வளர்ந்துவிட்டது. பழைய தொகுப்புகளை மறுபதிப்பு செய்ய 2012இல் பர்லூ வாசகர்களிடம் 57,750 டாலர் கேட்டார். வந்து சேர்ந்தது 12 லட்சம் டாலருக்கும் மேல்.

கதையில் ஆறு பேர் கொண்ட ஒரு கூட்டம். தலைவன் ராய். டர்கன் அதில் வைத்தியன். குள்ளர் இனத்தவன், இடி தெய்வமான தோரின் பூசாரி. நெஞ்சு வரை தாடி, கையில் சம்மட்டி. மரங்களைக் கண்டால் ஜென்ம விரோதியைக் கண்டதுபோல் முறைப்பான். மற்றவர்கள் அடிபட்டு வந்து நின்றால் காயத்தை ஆற்றுவான். இலக்கியவாதிகள் கண்டுகொள்ளாத, ஆனால் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருக்கிற அந்த 'சொன்னதைச் செய்கிற' ரகம்.

2006இல் வெளியான பக்கங்களில் இந்த ஆறு பேரும் ஒரு பள்ளத்தாக்குக்குக் குறி கேட்கப் போகிறார்கள். குறிசொல்லி, பல்லி மாதிரி முகம் கொண்ட ஒரு சின்ன உருவம். வாய் மட்டும் பெரிது. ஆளுக்கு ஒரு கேள்விதான். கேள்வி எப்படியோ பதிலும் அப்படி. தங்கள் எதிரி, தான் சொல்லும் இரண்டு இடங்களில் எதற்குப் போவான் என்று ராய் கேட்கிறான். கேட்டதற்குப் பதில் வருகிறது. ஆனால் எதிரி முதலில் படையெடுத்தது ராய் பட்டியலில் சேர்க்காத மூன்றாவது இடத்துக்கு. பெல்கார் என்ற கொலைவெறிக் குட்டையன், தனக்குப் பிடிக்காதவர்களை வரிசையாகச் சொல்லி, குறிசொல்லியையும் அதில் சேர்த்து, இவர்களில் யார் சாவுக்காவது நான் காரணமாவேனா என்று கேட்கிறான். ஆமாம் என்று பதில்.

டர்கன் முறை வருகிறது. என் சொந்த மண்ணுக்கு நான் எப்படித் திரும்பிப் போவேன் என்று கேட்கிறான். இறந்த பிறகு என்று பதில் வருகிறது.

மற்றவர்களுக்கு முகம் செத்துப்போகிறது. டர்கனுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். ஊருக்குப் போகப்போகிறேன், முன்னோர்களோடு என்னையும் புதைப்பார்கள் என்று பூரித்துப்போகிறான். முதல் தடவை படித்தபோது இதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தேன். நகைச்சுவைதான். ஆனால் அதன் அடியில் இருக்கும் வலி, அவன் முன்கதையைப் படித்தால்தான் தெரியும்.

2005இல் வந்த முன்கதைப் புத்தகத்தில் அது இருக்கிறது. டர்கன் ஊரை விட்டு வந்தது அவனாக விரும்பி அல்ல. இவன் மறுபடி ஊருக்குள் வரும்போது எல்லாருக்கும் சாவும் அழிவும் வரும் என்று ஒரு வாக்கு தலைமைப் பூசாரி காதுக்கு எட்டியது. அவர் பயந்துபோய், மனிதர்கள் வாழும் நாட்டுக்குப் போ, கூப்பிடும் வரை வராதே என்று அனுப்பிவிட்டார். காரணம் சொல்லவில்லை. அம்மாவை விட்டுவிட்டுப் பனியில் நடந்து போனான். ஓலை எதுவும் வரவேயில்லை.

இப்படி வருடக்கணக்கில் காத்திருப்பவன் மனதில் ஒரே பயம்தான் இருக்கும்: நாம் ஊருக்குத் திரும்பாமலே போய்விடுவோமோ? குறிசொல்லி அந்தப் பயத்தைத்தான் தீர்த்துவைத்தான். சாவு எப்படியும் வரப்போவது. ஊர்தான் அவனுக்கு நிச்சயமில்லாமல் இருந்தது.

நம் புராணங்களில் சாவுச் செய்தி கேட்டவர்களுக்கு இரண்டு வழி. கம்சன் தங்கையைச் சிறையில் போட்டான். பரீட்சித்து ஏழு நாளும் கதை கேட்டு உட்கார்ந்தான். டர்கன் இரண்டும் செய்யவில்லை. மறுநாளும் எழுந்து, அடுத்தவன் காயத்துக்கு மருந்து பார்த்தான். சாவைத் தள்ளிப்போட முயலவில்லை, தேடியும் போகவில்லை.

குறி சொன்ன அந்தச் சாவு வர ஏழு வருடம் ஆனது. கதைக்குள் அல்ல, நிஜ உலகத்தில். 2006இல் படித்தவர்கள் 2013 வரை, டர்கன் ஒவ்வொரு சண்டைக்கும் போகும்போது வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பர்லூ அவனைப் போர்க்களத்தில் சாகவிடவில்லை. மாலக் என்று ஒரு பூசாரி, டர்கனோடு உட்கார்ந்து தேநீர் குடித்துச் சமயம் பேசிய நண்பன். அவன் ரத்தம் குடிக்கும் பேய் என்பது பிறகு தெரிகிறது. பெல்காரை அவன் கொல்லப் போகும் நேரத்தில் டர்கன் குறுக்கே வந்து நிற்கிறான். நகர்ந்துவிடு, உன்னோடு எனக்குப் பகையில்லை என்று மாலக் கெஞ்சுகிறான். அந்தக் கூட்டத்திலேயே யாருக்கும் பிடிக்காத பெல்காருக்காக டர்கன் நகர மறுக்கிறான். அங்கேயே உயிரும் போகிறது.

குறியின் விஷம் இதற்குப் பிறகுதான் வேலை செய்கிறது. செத்தவன் பெட்டியில் படுத்து ஊர் போகவில்லை. மாலக் அவனையும் ரத்தக்காட்டேரி ஆக்கிவிட்டான். உடம்புக்குள் ஒரு கெட்ட ஆவி குடியேறுகிறது. டர்கனின் உயிரோ உள்ளேயே கைதியாகக் கிடக்கிறது. அந்த உடம்பு தன் காலால் நடந்து, குள்ளர் நாட்டை அழிக்கப் புறப்படுகிறது. இறந்த பிறகு ஊர் திரும்புவான் என்ற வாக்கும் பலித்தது, அழிவோடு வருவான் என்ற பழைய வாக்கும் பலிக்கும் நிலைக்கு வந்தது.

அந்த ஆவி ஜெயிக்க வேண்டுமென்றால் டர்கனின் நினைவுகள் அதற்குத் தேவை. ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்கிறது. கடைசியில் டர்கன் தானாகவே ஒன்றைக் கொடுக்கிறான்: அவன் அம்மா சிக்டியைப் பற்றிய நினைவு. போர்வீரராக இருந்து ஒரு கையை இழந்தவர், கணவனையும் பறிகொடுத்தவர். புதையல் பங்காகப் பெரும் பணம் கைக்கு வந்தபோது, அதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல், இறந்துபோன ஐந்து பேரை மந்திரத்தால் உயிர்ப்பிக்கக் கொடுத்துவிட்டார். வறுமையில் வளர்ந்த பையனுக்கு அது தெரியவந்தபோது ஆத்திரம். பிறகுதான் அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று புரிகிறது. அந்த நினைவை விழுங்கிய ஆவிக்கு டர்கனைப் போலவே யோசிப்பதைத் தவிர வேறு வழி இல்லாமல் போகிறது. பெல்கார் மரமுளையால் குத்தும்போது அது தடுக்கவில்லை. டர்கன் யாருக்காக உயிரை விட்டானோ, அவன் கையாலேயே விடுதலை. பிறகு டர்கன் உயிர்ப்பிக்கப்படுகிறான், அதுவும் சொந்த மண்ணில்.

இந்தக் கதையில் என் தொழிலுக்கு மிகவும் ஏற்ற ஆள் யாரென்றால், அந்தக் குறிசொல்லிதான். பெல்கார் திரும்ப வந்து தன்னைக் கத்தியால் குத்துவான் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரியும். ஓடி ஒளியவில்லை. குத்துப்பட்டுச் செத்தபின் தன்னை உயிர்ப்பிக்க ஆளையும் நேரத்தையும் முன்னாலேயே ஏற்பாடு செய்துவைத்தான். குறித்த நேரத்துக்கு ஆள் வந்து நிற்கிறது. இப்படி ஒரு வாடிக்கையாளர் எனக்கு வாய்த்ததில்லை.

ஆனாலும் என் மனதில் நிற்பவன் டர்கன்தான். அவன் ஊர்த் தலைமைப் பூசாரி வாக்கைக் கேட்டுப் பயந்து, ஒரு பையனையும் தாயையும் பிரித்தார்; அந்த வாக்கு அதனால் நின்றுவிடவில்லை. டர்கன் பயப்படாததாலும் வாக்கு நின்றுவிடவில்லை. பலன் இரண்டு பக்கமும் ஒன்றுதான். இடையில் கிடைத்த வருடங்களை ஒருவர் ரகசியத்தைக் காப்பதில் கழித்தார், மற்றவன் அடுத்தவரைக் குணப்படுத்துவதில் கழித்தான்.

படிக்க நினைப்பவர்கள் முதல் பக்கத்திலிருந்தே ஆரம்பிக்கலாம், இணையத்தில் இலவசம். பகடை ஆட்ட விதிகளைப் பற்றிய ஜோக்குகள் புரியாவிட்டால் கவலைப்படாமல் தாண்டிப் போங்கள். குறி கேட்கும் பக்கம் வந்ததும் கொஞ்சம் நில்லுங்கள். ஆறு பேரும் எதிர்காலத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். தன் சாவைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அந்தச் செய்தி டர்கனுக்குக் கேட்காமலே கிடைத்தது. அவன் காதில் பெரிதாக விழுந்ததோ ஊர் மட்டும்தான்.